முகம் எந்தப் பக்கம் திரும்பும்? கழுத்துத் தசைகளின் அமைப்பும் இயக்கமும்

கழுத்தின் வலப்பக்கத்தில் உள்ள ஒரு தசை சுருங்கினால் முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டால், மசாஜ் சிகிச்சை பயிலும் மாணவர்கள் பெரும்பாலும் மனப்பாடத்திலிருந்தே விடை தேடுகிறார்கள். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்றால் இடப்பக்கம், ஸ்ப்ளீனியஸ் என்றால் வலப்பக்கம், டிரபீசியஸின் மேற்பகுதி என்றால் மறுபடியும் இடப்பக்கம், லெவேட்டர் ஸ்கேப்புலே என்றால் வலப்பக்கம் என்று பட்டியல் நீள்கிறது. தேர்வு முடிந்த சில வாரங்களிலேயே அது குழம்பியும் போகிறது. இத்தனைக்கும் இந்த விடைகளில் ஒன்றைக்கூட மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: தன் இரு முனைகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுப்பது. முனைகள் எந்த எலும்பில், அந்த எலும்பு சுழலும் அச்சுக்கு எந்தப் பக்கத்தில் பற்றியிருக்கின்றன, அந்நேரத்தில் எந்த முனை அசையாமல் நிற்கிறது என்பவை தெரிந்துவிட்டால், இயக்கம் தானாகவே விளங்கிவிடும். எந்த இடத்தில் கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதையும் அதே அறிவே பெருமளவுக்குச் சொல்லிவிடுகிறது.

தலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு வட்டம் தெரிகிறது. அதன் முன்புறத்தில் மூக்கு, நடுவில் சுழலும் அச்சு. வட்டத்தின் வலப்பக்க விளிம்பை ஒரு கயிறு முன்னோக்கி இழுத்தால் மூக்கு இடப்பக்கம் போகும். அதே விளிம்பைப் பின்னோக்கி இழுத்தால் மூக்கு வலப்பக்கம் வரும். வட்டத்தின் பின்புற விளிம்பை, அதாவது பிடரியை, வலப்பக்கமாக இழுத்தால் மூக்கு இடப்பக்கம் செல்லும். கழுத்தைத் திருப்பும் தசைகள் அனைத்தும் இந்த மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன. கட்டுரை நெடுகிலும் இந்த வட்டத்துக்கே திரும்பத் திரும்ப வரப்போகிறோம்.

வட்டம் சுழலும் அச்சு எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றுள் மேலிருக்கும் இரண்டும் மற்றவற்றைப் போன்றவை அல்ல. முதலாவதான அட்லஸ், உடற்பகுதியோ, பின்னோக்கி நீளும் முள் நீட்சியோ இல்லாத ஒரு வளையம். மண்டையோடு அதன் மேல் அமர்ந்து, ஆமோதித்துத் தலையசைக்கும்போது முன்னும் பின்னும் சாய்கிறது. இரண்டாவதான ஆக்சிஸின் உடற்பகுதியிலிருந்து ஒரு முளை மேல்நோக்கி எழும்பி அட்லஸ் வளையத்துக்குள் நிற்கிறது. திருகையின் அடிக்கல்லில் நட்ட முளையைச் சுற்றி மேற்கல் சுழல்வதைப் போல, ஆக்சிஸின் முளையைச் சுற்றி அட்லஸும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மண்டையோடும் சேர்ந்தே சுழல்கின்றன. ஆரோக்கியமான ஓர் இளைஞரால் தலையை ஒரு பக்கம் ஏறக்குறைய 80 பாகை வரை திருப்ப முடியும். அதில் சுமார் பாதி இந்த ஒரே மூட்டில் நிகழ்கிறது. மீதியை அதற்குக் கீழே உள்ள முள்ளெலும்புகள் தமக்குள் சிறுகச் சிறுகப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இந்த எலும்புகளை விரலால் கண்டறியாமல் தசைகளைக் கண்டறிய முடியாது. பிடரி எலும்பின் நடுவிலுள்ள மேட்டிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் முதலில் ஒரு பள்ளம் வரும், அதற்கடுத்துத் தடித்த ஒரு முள் தட்டுப்படும். அது ஆக்சிஸின் முள். அட்லஸுக்கு முள் இல்லாததால் அங்கே பள்ளம்தான் இருக்கிறது. கழுத்தின் அடியில் துருத்தி நிற்பது பொதுவாக 7-ஆவது முள்ளெலும்பு. சிலருக்கு முதல் மார்பு முள்ளெலும்பே அதைவிட அதிகமாகத் துருத்திக்கொண்டிருக்கும். ஐயம் வந்தால் விரல்களை முட்களின் மேல் வைத்துக்கொண்டு தலையை மெல்லப் பின்னே சாய்க்கச் சொல்லுங்கள்: 6-ஆவது முள் விரலடியிலிருந்து முன்னோக்கி நழுவிவிடும், 7-ஆவது அப்படியே நிற்கும். காதுமடலுக்குப் பின்னே உருண்டையாகத் தெரியும் மாஸ்டாய்டு புடைப்புக்கும் கீழ்த்தாடையின் கோணத்துக்கும் இடையில் ஆழத்தில் கெட்டியாகத் தட்டுப்படுவது அட்லஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் குறுக்கு நீட்சி. அது எல்லோருக்குமே வலிக்கும் இடம் என்பதால் தொட்டறிவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குச் சற்று முன்னால் உள்ள ஊசி போன்ற ஸ்டைலாய்டு நீட்சி, அழுத்தினால் முறியக்கூடிய அளவுக்கு மெல்லியது.

கழுத்தைப் படிக்கத் தொடங்குவதற்கு ஏற்ற தசை ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்பது என் கருத்து, ஏனெனில் அதன் பெயரே அதன் முனைகளைச் சொல்லிவிடுகிறது. மார்பெலும்பின் மேல்முனையிலிருந்து உருண்ட தசைநாணாக ஒரு தலையும், காறை எலும்பின் உட்புற மூன்றிலொரு பகுதியிலிருந்து பட்டையாக மற்றொரு தலையும் புறப்பட்டு, ஒன்று சேர்ந்து, காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு புடைப்பையும் அதையொட்டிப் பிடரி எலும்பில் குறுக்காக ஓடும் மேடான மேல் வரியையும் பற்றுகின்றன. வலப்பக்கத் தசை சுருங்கும்போது வட்டத்தின் வலப்பக்க விளிம்பில் உள்ள மாஸ்டாய்டு முன்னோக்கியும் கீழ்நோக்கியும் இழுபடுகிறது. எனவே தலை வலத்தோளை நோக்கிச் சாய்கிறது, முகமோ இடப்பக்கம் திரும்பி மோவாய் சற்று உயர்கிறது. இத்தசை ஒரு பக்கம் இறுகிக் குறுகிவிட்ட குழந்தைகளின் தலை இதே கோலத்தில் நிலைத்துப்போவதைக் காணலாம்: சாய்வு இறுகிய பக்கம், முகம் எதிர்ப்பக்கம்.

இரு பக்கமும் ஒருசேரச் சுருங்கினால் கழுத்து முன்னே குனியும் என்றே பல பாடக் குறிப்புகள் எழுதிவிட்டுக் கடந்துபோகின்றன. அது பாதி உண்மை. கழுத்தின் கீழ்ப்பகுதியில் இத்தசை முள்ளெலும்புகளுக்கு முன்னே ஓடுவதால் அங்கே குனிவு நிகழ்கிறது. ஆனால் மாஸ்டாய்டைப் பற்றும் முனை, மண்டையோடு அட்லஸின் மேல் சாயும் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் மேற்பகுதியில் தலை பின்னே சாய்ந்து மோவாய் உயர்கிறது. இரண்டும் சேர்ந்தால் தலை முன்னே நீண்டு, பார்வை மட்டும் நேராக நிற்கும் தோற்றம் கிடைக்கும். திரையை உற்றுப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவரின் தோற்றம் அதுதான். தலை அசையாமல் நிற்கும்போது இதே தசை மார்பெலும்பையும் காறை எலும்பையும் மேலே தூக்கி மூச்சிழுக்க உதவுகிறது. மூச்சுத் திணறலால் அவதிப்படுவோரின் கழுத்தில் இது கயிறாகப் புடைத்து நிற்பதன் காரணம் இதுவே.

இந்தத் தசையின் மேல் கை வைக்கும் முறைக்குத் தனிக் கவனம் வேண்டும். இதன் அடியில் கரோட்டிட் தமனியும், உட்புறக் கழுத்துச் சிரையும், வேகஸ் நரம்பும் ஒரே உறைக்குள் செல்கின்றன. தைராய்டுக் குருத்தெலும்பின் மேல்விளிம்பையொட்டி, ஏறக்குறைய 4-ஆவது கழுத்து முள்ளெலும்பின் மட்டத்தில், கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் கரோட்டிட் சைனஸ் உள்ளது. அதை வெளியிலிருந்து அழுத்தினால், ரத்த அழுத்தம் கூடிவிட்டதாக மூளைக்குச் செய்தி போய், இதயத் துடிப்பு குறைந்து, அழுத்தம் சரிந்து, ஆள் மயங்கவும் கூடும். முதியவர்களிடம் இந்த ஆபத்து அதிகம். தமனியின் சுவரில் படிவுகள் இருந்தால், அவை பெயர்ந்து மூளைக்குச் செல்லும் அபாயமும் உண்டு. ஆகவே இந்தத் தசையை ஒருபோதும் கழுத்தின் உட்புறம் நோக்கி அழுத்தக் கூடாது. மல்லாந்து படுத்திருப்பவரின் தலையை அதே பக்கம் சற்றுச் சாய்த்து, முகத்தை எதிர்ப்பக்கம் சற்றுத் திருப்பினால் இரு முனைகளும் நெருங்கித் தசை தளரும். அப்போது கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் அதை மென்மையாகப் பிடித்து, அடியிலுள்ளவற்றிலிருந்து விலக்கி எடுத்து, விரல்களுக்குள்ளேயே பிசைய வேண்டும். விரலடியில் துடிப்பு தெரிந்தால் உடனே விட்டுவிட்டு இடத்தை மாற்ற வேண்டும். இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் பிடிக்கவே கூடாது.

டிரபீசியஸின் மேற்பகுதிக்கு வருவோம். பிடரி எலும்பின் நடுமேட்டிலிருந்தும், மேல் வரியின் உட்பகுதியிலிருந்தும், கழுத்தின் நடுக்கோட்டில் எலும்புகளைப் பிணைத்து ஓடும் நார்ப்பட்டையான பிடரி லிகமெண்டிலிருந்தும் தொடங்கி, பக்கவாட்டில் இறங்கி முன்னே வளைந்து, காறை எலும்பின் வெளிப்புற மூன்றிலொரு பகுதியை இது பற்றுகிறது. தோள் அசையாமல் நிற்கும்போது வலப்பக்கத் தசை சுருங்கினால், வட்டத்தின் பின்விளிம்பான பிடரி வலப்பக்கமாக இழுபடுகிறது; நாம் முதலில் கண்ட மூன்றாவது வகை இது. அதனால் தலை வலப்பக்கம் சாய, முகம் இடப்பக்கம் திரும்புகிறது. ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டும் டிரபீசியஸும் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருந்தும் முகத்தை ஒரே திசையில் திருப்புவதில் இனி வியப்பு இருக்காது. இரண்டையும் இயக்கும் நரம்பும் ஒன்றே, 11-ஆவது மண்டை நரம்பு. அந்த நரம்பு ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டின் பின்விளிம்பின் நடுப்பகுதிக்கு அருகில் வெளிப்பட்டு, தோலுக்கு வெகு அருகிலேயே கழுத்தின் பக்கவாட்டு முக்கோணத்தைக் கடந்து டிரபீசியஸை அடைகிறது. அந்தப் பாதையில் முழங்கையை ஊன்றி அழுத்துவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

டிரபீசியஸுக்கு அடியில் இருக்கும் லெவேட்டர் ஸ்கேப்புலே, முதல் 4 கழுத்து முள்ளெலும்புகளின் குறுக்கு நீட்சிகளிலிருந்து இறங்கி, தோள்பட்டை எலும்பின் மேல் உட்கோணத்தைப் பற்றுகிறது. தோள்பட்டை நிலையாக நிற்கும்போது, பக்கவாட்டில் உள்ள குறுக்கு நீட்சிகளை இது பின்னோக்கியும் கீழ்நோக்கியும் இழுக்கிறது. எனவே முகம் அதே பக்கம் திரும்புகிறது. தலை நிலையாக நின்றால் இரண்டு தசைகளும் தோளை உயர்த்துகின்றன, ஆனால் ஒரே விதமாக அல்ல. டிரபீசியஸ் தோள்மூட்டின் குழியை மேல்நோக்கித் திருப்பக் கையை உயர்த்த வழி பிறக்கிறது. லெவேட்டரோ அக்குழியைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. தூக்குவதில் துணைவர்களாகவும் திருப்புவதில் எதிராளிகளாகவும் இருக்கும் இந்த உறவு புரிந்தால், இரண்டையும் தனித்தனியே சோதிக்கவும் நீட்டவும் வழி தெரிந்துவிடும்.

இடப்பக்க லெவேட்டரை நீட்ட வேண்டுமானால் அதன் இயக்கங்களுக்கு நேரெதிராகச் செல்ல வேண்டும்: தலையை வலப்பக்கம் சாய்த்து, முகத்தையும் வலப்பக்கம் திருப்பி, வலது அக்குளைப் பார்ப்பது போலக் குனிய வேண்டும். இடப்பக்க டிரபீசியஸுக்கோ, தலையை வலப்பக்கம் சாய்த்துக் குனிந்து, முகத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டுக்கும் ஒரே நீட்டலைச் சொல்லிக்கொடுப்பது மிகப் பரவலான தவறு. தொட்டறிவதிலும் இதே சிந்தனை உதவும். குப்புறப் படுத்திருப்பவரின் கையை இடுப்புக்குப் பின்னே வைத்தால் தோள்பட்டை கீழ்நோக்கித் திரும்பி, டிரபீசியஸ் தளர்ந்துவிடும். அந்நிலையில் தோளை மிகச் சிறிதளவு உயர்த்தச் சொன்னால் மேல் உட்கோணத்துக்கு அருகே கயிறு போல எழுவது லெவேட்டர். இதன் இழைகள் போகும் வழியில் முறுக்கிக்கொள்கின்றன என்பதையும் கவனத்தில் கொள்ளலாம்: மேலே முதல் முள்ளெலும்பிலிருந்து வருபவை கீழே மிகத் தாழ்வான இடத்தைப் பற்றுகின்றன. காலையில் எழுந்ததும் தலையைத் திருப்ப முடியாமல் வரும் கழுத்துப் பிடிப்பில், கழுத்தும் தோளும் சேரும் மூலையில் வலி நிற்பதாகச் சொல்பவர்களிடம் முதலில் சோதிக்க வேண்டிய தசை இதுதான்.

பிடரியின் அடுத்த அடுக்குகளைச் சுருக்கமாகவே பார்க்கலாம். ஸ்ப்ளீனியஸ் என்ற பெயருக்குக் கிரேக்க மூலத்தில் கட்டுத்துணி என்று பொருள். பிடரியின் ஆழத் தசைகளை ஒரு கட்டுப் போல அது சுற்றியிருக்கிறது. நடுக்கோட்டில் பிடரி லிகமெண்டின் கீழ்ப்பாதியிலிருந்தும் மேல் மார்பு முட்களிலிருந்தும் எழும்பி, வெளிப்புறமாக ஏறி, மாஸ்டாய்டில் முடிவதால், வட்டத்தின் பக்கவிளிம்பைப் பின்னே இழுத்து முகத்தை அதே பக்கம் திருப்புகிறது. ஆகவே முகத்தை வலப்பக்கம் திருப்பும்போது வலது ஸ்ப்ளீனியஸும் இடது ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டும் கூட்டாக உழைக்கின்றன. ஒரு பக்கம் திரும்ப முடியவில்லை என்று வருபவரிடம் கழுத்தின் இரு பக்கங்களையும் பார்த்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை. ஸ்ப்ளீனியஸுக்கு அடியில் நடுக்கோட்டின் இருபுறமும் தடித்த தூண்களாக நிற்பவை செமிஸ்பைனாலிஸ் கேப்பிட்டிஸ் தசைகள். ஏறக்குறையச் செங்குத்தாக ஓடுவதால் அவை திருப்புவதில் பெரும் பங்கு கொள்வதில்லை; தலை முன்னே விழாமல் பிடித்து நிறுத்துவதே அவற்றின் வேலை. ஒரு பெரியவரின் தலை ஏறக்குறைய 4.5 முதல் 5 கிலோ எடை உள்ளது, அதன் எடை மையமோ தாங்கும் மூட்டுக்கு முன்னால் இருக்கிறது. உட்கார்ந்தபடி தூங்குபவரின் தலை முன்னே சரிவது இதனால்தான். இவற்றுக்கும் அடியில் மல்டிஃபிடஸ் போன்ற குட்டைத் தசைகள் குறுக்கு நீட்சி இருக்கும் பக்கவாட்டிலிருந்து மேலேறி மேலுள்ள முள் நீட்சியைப் பற்றுகின்றன. முள், வட்டத்தின் பின்விளிம்பு. அது தசையின் பக்கமாக இழுபட, முகம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது.

எல்லாவற்றுக்கும் ஆழத்தில், மண்டையோட்டின் அடியில், பக்கத்துக்கு 4 வீதம் சிறு தசைகள் உள்ளன. உருவில் சிறியவையாயினும், நான் மாணவர்களிடம் மிகவும் வலியுறுத்த விரும்புவது இவற்றைத்தான். ஆக்சிஸின் முள்ளிலிருந்து பிடரி எலும்புக்குச் செல்வது ரெக்டஸ் பெரியது; அட்லஸின் பின்புறத்திலிருந்து செல்வது ரெக்டஸ் சிறியது; ஆக்சிஸின் முள்ளிலிருந்து அட்லஸின் குறுக்கு நீட்சிக்குச் சாய்வாகச் செல்வது கீழ்ச் சாய்தசை; அங்கிருந்து பிடரி எலும்புக்கு ஏறுவது மேல் சாய்தசை. கீழ்ச் சாய்தசை மட்டும் மண்டையோட்டைத் தொடுவதே இல்லை. ஆனாலும் அட்லஸின் பக்கநீட்சியை அது பின்னே இழுக்க, திருகையின் மேற்கல்லான அட்லஸ் அதே பக்கம் சுழன்று மண்டையோட்டையும் உடன் கொண்டுபோகிறது.

இவற்றின் வலிமை குறைவு. நுண்ணுணர்வோ மிக அதிகம். தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் தசைக்கதிர் உணரிகள் இவற்றில் மிக அடர்த்தியாக உள்ளன. கண்ணின் பார்வைத் திசையோடும் உட்காதின் சமநிலை உணர்வோடும் இணைந்து, தலை எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தியை இவை தந்துகொண்டே இருக்கின்றன. மல்லாந்து படுத்திருப்பவரின் மண்டையோட்டு விளிம்புக்குக் கீழே விரல்நுனிகளை வைத்து, தலையை அசைக்காமல் கண்களை மட்டும் இடவலமாக உருட்டச் சொல்லுங்கள். இத்தசைகள் மெல்ல விம்முவதைப் பலரிடம் உணர முடியும். ரெக்டஸ் சிறிய தசைக்கும் தண்டுவடத்தைப் போர்த்தியுள்ள ட்யூரா உறைக்கும் இடையே இழைத்தொடர்பு இருப்பதை 1995-இல் வெளியான ஓர் உடற்கூறாய்வு விவரித்தது. அதைக் கொண்டு எல்லாத் தலைவலியையும் விளக்க முற்படுவது மிகையாகும். தலைவலிக்கும் கழுத்துக்குமான தொடர்பை விளக்க உறுதியான நரம்பியல் அடிப்படை வேறு இருக்கிறது: முதல் 3 கழுத்து நரம்புகளின் உணர்வுச் செய்திகளும் முகத்திலிருந்து வரும் முப்பிரிவு நரம்பின் செய்திகளும் மேல் தண்டுவடத்தில் ஒரே நரம்பணுத் தொகுதியில் வந்து சேர்கின்றன. பிடரியில் பிறந்த வலி நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னும் உணரப்படுவது அதனால்தான்.

ரெக்டஸ் பெரியதும் இரு சாய்தசைகளும் சூழ்ந்த முக்கோணத்துக்குள் முதுகெலும்புத் தமனி அட்லஸின் பின்வளைவின் மேல் கிடையாக வளைந்து செல்கிறது. பெரும்பாலானோருக்கு 6-ஆவது கழுத்து முள்ளெலும்பில் குறுக்கு நீட்சியின் துளைக்குள் நுழைந்து மேலேறிவரும் இந்தத் தமனி, மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுசெல்கிறது. தலையைப் பின்னே சாய்த்து முழுமையாகத் திருப்பிய நிலையில் இது இழுபடும். அந்த நிலையில் வைத்து ஒருபோதும் வேலை செய்யக் கூடாது. இந்த இடத்துக்குக் கட்டை விரலின் பலம் தேவையில்லை. இரு கைகளின் விரல்நுனிகளையும் மண்டையோட்டு விளிம்புக்குக் கீழே நிறுத்தி, தலையின் எடையே அழுத்தமாகும்படி விட்டு, மேலடுக்குகள் ஒவ்வொன்றாகத் தளரும்வரை ஓரிரு நிமிடங்கள் காத்திருந்தால் போதும். அவசரப்பட்டு அழுத்தினால் செமிஸ்பைனாலிஸ் இறுகி வழியை அடைத்துவிடும். அதைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் பெரிய பிடரி நரம்பும் உறுத்தப்படும்.

தொடங்கும் முன் கேட்டறிய வேண்டியவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை அனுபவித்திராத வகையில் திடீரென்று தோன்றிய கழுத்துவலி அல்லது தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகத்தில் மரப்பு, நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றில் எது இருந்தாலும், கழுத்தைத் தொடாமல் அவரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்; கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருப்பதன் அடையாளமாக அவை இருக்கலாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்திருப்பவரையும், அண்மையில் விபத்திலோ விழுந்தோ அடிபட்டவரையும் அவ்வாறே அனுப்ப வேண்டும். முடக்கு வாதம் உள்ளவர்களிடமும் டவுன் நோய்க்குறி உள்ளவர்களிடமும் அட்லஸை ஆக்சிஸின் முளையோடு பிணைக்கும் லிகமெண்ட் தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், மருத்துவ ஒப்புதல் இன்றி அவர்களின் கழுத்தைத் திருப்பவோ இழுக்கவோ கூடாது.

கழுத்தின் பக்கவாட்டில், ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டுக்கும் டிரபீசியஸுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தின் அடித்தளத்தில், ஸ்கேலீன் தசைகள் உள்ளன. பக்கங்கள் சமமில்லாத முக்கோணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. முன் ஸ்கேலீன் 3 முதல் 6 வரையிலான முள்ளெலும்புகளின் குறுக்கு நீட்சிகளிலிருந்தும், நடு ஸ்கேலீன் பெரும்பாலும் 2 முதல் 7 வரையிலானவற்றிலிருந்தும் இறங்கி முதல் விலா எலும்பைப் பற்றுகின்றன. பின் ஸ்கேலீன் இரண்டாம் விலா எலும்புக்குச் செல்கிறது. விலா நிலையாக நின்றால் இவை கழுத்தைப் பக்கவாட்டில் சாய்க்கின்றன. கழுத்து நிலையாக நின்றால் விலாவைத் தூக்குகின்றன. பெருமூச்சில் மட்டும்தான் இவை வேலை செய்யும் என்ற பழைய கருத்து சரியன்று. அமைதியான மூச்சிலும் இவை இயங்குகின்றன. காறை எலும்புக்கு மேலே விரலை மென்மையாக வைத்து, மூக்கால் சிறுசிறு மூச்சாக வெடுக்கென்று இழுக்கச் சொன்னால், ஒவ்வோர் இழுப்புக்கும் இவை விரலடியில் துள்ளும். மார்பின் மேற்பகுதியால் மட்டுமே மூச்சுவிடும் பழக்கம் உள்ளவரின் ஸ்கேலீன்களுக்கு நாளெல்லாம் ஓய்வே இல்லை. அவர்களுக்கு எத்தனை முறை மசாஜ் செய்தாலும், வயிறு அசைய மூச்சுவிடப் பழகாதவரை இறுக்கம் திரும்பி வந்துகொண்டேயிருக்கும்.

முன் ஸ்கேலீனுக்கும் நடு ஸ்கேலீனுக்கும் இடையில் உள்ள இடுக்கின் வழியே கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலும் காறையடித் தமனியும் வெளிவருகின்றன; காறையடிச் சிரை மட்டும் முன் ஸ்கேலீனுக்கு முன்னால் செல்கிறது. அதே முன் ஸ்கேலீனின் முகப்பில், உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு இறங்குகிறது. ஆகவே இந்த இடுக்கு குறுகினால் கையில் மரப்பும் கூச்சமும் தோன்றக்கூடும். இத்தசைகளில் உள்ள வலிமுடிச்சுகளும் மார்பு, தோள்பட்டையின் உள்விளிம்பு, கை, கட்டை விரல், சுட்டு விரல் வரை வலியைப் பரப்பும். இரண்டையும் வேறுபடுத்தி அறிவது மருத்துவரின் வேலை. சிகிச்சையாளரின் வேலை, விரல்நுனியைக் குத்தாமல் விரல்களின் தட்டையான பகுதியால் மெதுவாக இறங்கி, கையில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே செல்வது. அப்படி வந்தால் விரல் இருப்பது தசையின் மேல் அல்ல, நரம்பின் மேல். உடனே நகர்த்திவிட வேண்டும்.

கழுத்தின் முன்புறத்தில் மசாஜுக்கு உரியவை குறைவு. தோலுக்கு அடியிலேயே விரிந்திருக்கும் பிளாடிஸ்மா, முகத்தசைகளின் உறவு. 7-ஆவது மண்டை நரம்பே அதையும் இயக்குகிறது. நாக்கின் அடியில் உள்ள ஹையாய்டு எலும்பு வேறு எந்த எலும்போடும் மூட்டால் சேராமல் தசைகளாலும் லிகமெண்டுகளாலும் தொங்குகிறது. அதற்கு மேலே உள்ள தசைகள் விழுங்கும்போது அதை உயர்த்தவும் வாயைத் திறக்கவும், கீழே உள்ளவை அதைத் தாழ்த்தி நிலைநிறுத்தவும் பயன்படுகின்றன. குரல்வளையும் தைராய்டுச் சுரப்பியும் அங்கேயே இருப்பதால், தனிப்பயிற்சி பெறாதவர்கள் அந்தப் பகுதியில் லேசான வருடலுக்கு மேல் செல்லாமல் இருப்பதே முறை.

விரலால் எட்ட முடியாத தசைகள் இன்னும் சில உள்ளன. உணவுக்குழாய்க்குப் பின்னே, முள்ளெலும்புகளின் முன்முகத்தோடு ஒட்டியபடி லாங்கஸ் கோலியும், அதற்கு மேலே மண்டையோட்டின் அடித்தளம் வரை லாங்கஸ் கேப்பிட்டிஸும் ஏறுகின்றன. மோவாயை உள்ளிழுத்துத் தலையை மெல்லக் குனியவைப்பவை இவை. பின்புறத் தசைகள் இழுக்கும் இழுப்பில் கழுத்தின் வளைவு மிகாமல் முன்னிருந்து தாங்குபவையும் இவைதாம். தலை முன்னே நீண்ட தோற்றத்தில் இவை நீண்டு வலுவிழக்க, இவற்றின் வேலையை ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டும் முன் ஸ்கேலீனும் ஏற்றுக்கொள்கின்றன. பின்புறத்திலோ, மண்டையோட்டடிச் சிறுதசைகள் குறுகிப்போகின்றன. கழுத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள நீண்ட தசைகளும் லெவேட்டரும் நீண்ட நிலையிலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு கெட்டிப்படுகின்றன. விரலுக்குக் கெட்டியாகத் தெரிவதெல்லாம் குறுகிய தசை அல்ல என்பதை இங்கே உணர வேண்டும். நீண்டு களைத்துப்போன லெவேட்டரை மேலும் மேலும் நீட்டுவதால் வருபவருக்குச் சற்று நேர ஆறுதல் கிடைக்கலாம், சுமை மட்டும் இறங்குவதில்லை. குறுகியிருக்கும் மண்டையோட்டடித் தசைகளையும் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டையும் தளர்த்துவதற்கே அந்த நேரத்தைச் செலவிடலாம்.

எந்தத் தசை யாருக்காக உழைக்கிறது என்பதை மேசையிலேயே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். மல்லாந்து படுத்திருப்பவரைத் தலையை மேசையிலிருந்து சற்றே உயர்த்தச் சொல்லுங்கள். ஆழத் தசைகள் வலுவாக இருந்தால் மோவாய் முதலில் உள்ளே மடங்கி, பிறகு தலை சுருண்டு எழும். அவை தளர்ந்திருந்தால் மோவாய் மேலே குத்திட்டு நிற்க, கழுத்தின் இருபுறமும் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு இரண்டு கயிறுகளாகப் புடைத்தெழும், சில நொடிகளில் தலை நடுங்கத் தொடங்கும். நடுக்கம் தொடங்கும் முன்பே உள்ளங்கையைப் பிடரிக்கு அடியில் கொடுத்துத் தலையைத் தாங்கி மெல்ல இறக்கிவிடுங்கள். அந்த இரண்டு கயிறுகளும் எவ்வளவு நேரத்தில் தளர்கின்றன, எந்தப் பக்கம் பிந்தித் தளர்கிறது என்று கவனித்தால், முதலில் எந்தப் பக்கத்தில் கை வைப்பது என்பது தெரிந்துவிடும்.